கால் கிராம் எதிர்ப்பொருள்: கணக்கில் விடுபட்ட பாதி

அறிவியல் கேள்வி – பதில்

சாதாரணப் பொருளைத் தொட்டதும் அதோடு சேர்ந்து அழிந்து ஆற்றலாக மாறும் எதிர்ப்பொருளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை, நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, கதைகளைப் பற்றியவையாக இருந்தன. நாவல்களிலும் விண்வெளித் தொடர்களிலும் வரும் எதிர்ப்பொருள் ஆயுதங்களின் ஆற்றலை எப்படி மதிப்பிடுவது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சிலர் தாங்களே கணக்குப் போட்டு, அந்தத் தாளையும் உறையில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். கதையில் வருவதுதானே என்று அவற்றை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆயுதம் கற்பனையாக இருக்கலாம். அதற்குள் நடப்பதாகச் சொல்லப்படும் நிகழ்வு இயற்பியல் ஆய்வகங்களில் அன்றாடம் நடப்பது. அதனால் இந்த மாதப் பகுதி முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: டான் பிரவுன் 2000-ஆம் ஆண்டில் எழுதிய ‘ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்’ நாவலின் தொடக்கத்தில், ஒரு கிராம் எதிர்ப்பொருளில் 20 கிலோடன் அணுகுண்டின் ஆற்றல் இருக்கிறது என்றும், அது ஹிரோஷிமாவில் வீசப்பட்ட குண்டின் அளவு என்றும் குறிப்பிடப்பட்டுள்ளது. நான் கணக்கிட்டால் 43 கிலோடன் வருகிறது. என் கணக்கில் எங்கே தவறு, ஐயா?
— இயற்பியல் மாணவி, கும்பகோணம்

பதில்: உங்கள் கணக்கில் தவறு இல்லை. நீங்கள் எண்ணியதில் பாதியை மட்டும் நாவல் எண்ணியிருக்கிறது. அந்தப் பாதி எப்படி விடுபட்டது என்பதைப் பார்த்தால் இந்த வகைக் கணக்குகளில் பெரும்பாலானவை எங்கே சறுக்குகின்றன என்பது புரிந்துவிடும்.

நிறையை ஒளிவேகத்தின் இருமடியால் பெருக்கினால் ஆற்றல் கிடைக்கும் என்ற ஐன்ஸ்டைனின் சமன்பாடுதான் தொடக்கம். ஒளியின் வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர்; அதன் இருமடி ஏறத்தாழ 9 × 10¹⁶. ஒரு கிராம் என்பது ஆயிரத்தில் ஒரு கிலோ என்பதால், அதற்குரிய ஆற்றல் 9 × 10¹³ ஜூல். ஒரு கிலோடன், அதாவது ஆயிரம் டன், டிஎன்டி வெடிமருந்து வெடித்தால் வரும் ஆற்றல் 4.184 × 10¹² ஜூல் என்று வரையறுத்திருக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள், 21.5 கிலோடன் வரும். நாவலின் 20 இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஆனால் எதிர்ப்பொருள் தனியாக இருக்கும்வரை அதற்கு ஒன்றும் நேராது. ஒரு கிராம் எதிர்ப்பொருள் அழிய வேண்டுமானால் ஒரு கிராம் சாதாரணப் பொருளும் அதனுடன் சேர்ந்து அழிய வேண்டும். அது குடுவையின் சுவராக இருக்கலாம், காற்றாக இருக்கலாம், எதுவானாலும் சரி. ஆக மறைவது இரண்டு கிராம், வெளிப்படுவது 1.8 × 10¹⁴ ஜூல், அதாவது 43 கிலோடன். அந்த இரண்டாவது கிராமைக் கணக்கில் சேர்ப்பது முறையா என்று ஒருவர் கேட்கலாம். நம் அடுக்களையில் இருக்கும் எரிவாயு உருளைக்குள் ஆக்சிஜன் கிடையாது. அது அறையின் காற்றிலிருந்து வந்து சேருகிறது. ஆனாலும் ஒரு கிலோ எரிவாயுவின் வெப்ப மதிப்பைச் சொல்லும்போது, ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து வரும் முழு வெப்பத்தையும்தான் சொல்கிறோம். எரிபொருளுக்கு நாம் கடைப்பிடிக்கும் அந்த வழக்கத்தை எதிர்ப்பொருளுக்கும் கடைப்பிடித்தால் 43 என்பதே சரியான விடை. “ஒரு கிராமில் அடங்கியிருக்கும் ஆற்றல்” என்று சொற்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் 21.5 என்பதையும் தவறு என்று தள்ள முடியாது. ஆனால் ஒரு ஆயுதம் வெடித்தால் என்ன ஆகும் என்று கேட்பவருக்கு அந்த விடை பயன்படாது.

ஹிரோஷிமா ஒப்பீட்டையும் சரிபார்த்துவிடுவோம். ஹிரோஷிமா குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 15 கிலோடன். நாகசாகியில் வெடித்தது ஏறத்தாழ 21 கிலோடன். எனவே நாவலின் எண்ணுக்குப் பொருந்துவது நாகசாகிதான். நாகசாகி குண்டில் இருந்த ஆறு கிலோவுக்குச் சற்று மிகுந்த புளூட்டோனியத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ மட்டுமே பிளவுற்றது. அந்த ஒரு கிலோவிலும் ஆற்றலாக மாறிய நிறை ஒரு கிராம் அளவுதான். ஒரு காகிதக் கவ்வியின் எடை. அந்த ஒரு கிராம் ஒரு நகரத்தில் என்ன செய்தது என்பது உலகத்துக்குத் தெரியும். கிலோடன் என்ற சொல்லை எழுதும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த இரண்டு ஊர்களும் நினைவுக்கு வருகின்றன; கற்பனைக் கணக்கு போடும்போதும் அந்த நினைவு உடன் இருப்பது நல்லது என்றே எண்ணுகிறேன்.

நாவலில் திருடுபோகும் குடுவையில் இருப்பது கால் கிராம். உங்கள் முறைப்படி அது 10.7 கிலோடன்.

கேள்வி: ஒரு கிராமுக்கு 43 கிலோடன் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆற்றல் முழுவதும் வெடிப்பாக மாறுமா? அணுகுண்டைப் போலவே தீக்கோளமும் அதிர்ச்சி அலையும் உண்டாகுமா?
— தொழிற்சாலைப் பொறியாளர், ஓசூர்

பதில்: மாறாது. வந்த கடிதங்களிலேயே மிக நல்ல கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். எவ்வளவு ஆற்றல் பிறக்கிறது என்பதைச் சமன்பாடு ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. அது எந்த வடிவில் பிறந்து எங்கே போய்ச் சேருகிறது என்பதற்குத்தான் நாம் உழைக்க வேண்டியிருக்கிறது.

எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மெதுவாகச் சந்தித்து அழியும்போது நிகழ்வது எளிமையானது: பெரும்பாலும் இரண்டு காமாக் கதிர்த்துகள்கள், ஒவ்வொன்றும் 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடன், எதிரெதிர்த் திசைகளில் புறப்பட்டுச் செல்கின்றன. ஆனால் எதிர்ப்பொருளின் நிறையில் பெரும்பகுதியைத் தாங்கியிருப்பவை எதிர்ப்புரோட்டான்கள். ஒரு புரோட்டானும் ஓர் எதிர்ப்புரோட்டானும் அழியும்போது 1,877 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கிடைக்கிறது. அது நேரடியாக ஒளியாகிவிடுவதில்லை. பையான் என்னும் குறுகிய வாழ்நாள் கொண்ட துகள்களாகச் சிதறுகிறது. சராசரியாக ஐந்து பையான்கள் பிறக்கும்; அவற்றில் ஏறத்தாழ மூன்று மின்னூட்டம் உள்ளவை, இரண்டு இல்லாதவை.

மின்னூட்டம் இல்லாத பையான்கள் பிறந்த கணமே சிதைந்து காமாக் கதிர்களாகின்றன. மொத்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக இந்த வழியில் வெளியேறுகிறது. மின்னூட்டமுள்ள பையான்கள் நொடியில் நாலு கோடியில் ஒரு பங்கு நேரம் வாழ்கின்றன. ஒளிவேகத்தை நெருங்கி ஓடுவதால் அதற்குள் ஏறத்தாழ 20 மீட்டர் தொலைவைக் கடந்துவிடுகின்றன. பிறகு மியூவானாகவும் நியூட்ரினோவாகவும் சிதைகின்றன. மியூவான் இன்னும் சற்று நேரம் ஓடி, எலக்ட்ரான் அல்லது பாசிட்ரானாகவும் மேலும் இரண்டு நியூட்ரினோக்களாகவும் சிதைகிறது. இந்த நியூட்ரினோக்களைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அவை சுவரையும் மலையையும் பூமியையும் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாதது போல் ஊடுருவிச் சென்றுவிடும். யாரையும் சுடுவதும் இல்லை, எதையும் தள்ளுவதும் இல்லை. ஒவ்வொரு சிதைவிலும் நியூட்ரினோக்கள் எடுத்துச்செல்லும் சராசரிப் பங்கைப் பெருக்கிக் கூட்டிப் பார்த்தால், துகள்கள் தடையின்றிச் சிதைய விடப்படும் நிலையில், மொத்த ஆற்றலில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு, ஏறத்தாழ 45 விழுக்காடு, அவற்றுடன் போய்விடுகிறது. நம் மாணவி மீட்டெடுத்த பாதியைக் கிட்டத்தட்ட இந்த வழியில் இழந்துவிடுகிறோம் என்பது தற்செயல்தான். அதைக் காட்டி நாவலின் எண் சரி என்று வாதிடக் கூடாது. காரணம் வேறாக இருந்து விடை மட்டும் பொருந்துவதை நாம் வகுப்பில் சரி என்று ஏற்பதில்லை அல்லவா?

மீதமுள்ள 55 விழுக்காடாவது அணுகுண்டைப் போல் செயல்படுமா என்றால், அதுவும் சூழலைப் பொறுத்தது. அணுகுண்டின் ஆற்றலில் பெரும்பகுதி முதலில் மென்மையான எக்ஸ் கதிர்களாக வெளிவருகிறது. காற்று அவற்றைச் சில மீட்டருக்குள் உறிஞ்சிவிடும். அந்தச் சிறிய கோளத்துக்குள் வெப்பம் குவிவதால்தான் தீக்கோளம் உண்டாகிறது. எதிர்ப்பொருளிலிருந்து வரும் காமாக் கதிர்களோ அவற்றைவிடப் பல ஆயிரம் மடங்கு ஆற்றல் மிக்கவை; கடல் மட்டக் காற்றில் அவை மழையாகப் பொழிந்து அடங்குவதற்கு 300 மீட்டர் என்ற அளவில் தொலைவு தேவைப்படுகிறது. நாவலின் கால் கிராமை எடுத்துக்கொண்டு, நியூட்ரினோக்களுக்குப் போக மிஞ்சிய ஆற்றலை 300 மீட்டர் ஆரமுள்ள காற்றுக் கோளத்தில் பரப்பிப் பார்த்தேன். காற்றின் வெப்பநிலை சராசரியாக ஏறத்தாழ 250 டிகிரி உயர்கிறது. அழுத்தம் இயல்பான வளிமண்டல அழுத்தத்தைப் போல் கிட்டத்தட்ட இருமடங்காகிறது. நடுவில் இதைவிட மிக அதிகமாகவும் விளிம்பில் குறைவாகவும் இருக்கும். கட்டடங்கள் இடியும், அதற்குள் சிக்கியவர் எவரும் கதிர்வீச்சிலிருந்து தப்ப மாட்டார். ஆனாலும் சூரியனைப் போல் கண்ணைப் பறிக்கும் அந்தச் சிறிய கோளம் இதில் உருவாவது கடினம். இதன் முகம் பரந்த, கொடிய கதிர்வீச்சின் முகம்.

அதே கால் கிராமைப் பல டன் ஈயக் கவசத்துக்குள் வைத்தால் கதை மாறிவிடும். காற்றில் 300 மீட்டர் எடுக்கும் வேலை ஈயத்தில் அரை சென்டிமீட்டர் அளவில் நடந்துவிடுகிறது. சில பத்து சென்டிமீட்டர் ஈயம் காமாக் கதிர்களில் பெரும்பகுதியை உறிஞ்சித் தானே ஆவியாகி, அணுகுண்டை ஒத்த தீக்கோளத்தை எழுப்பும். பையான்களில் பலவும் சிதைவதற்கு முன்பே கவசத்தின் அணுக்கருக்களில் சிக்கிக்கொள்ளும் என்பதால் நியூட்ரினோ இழப்பும் குறையும். ஆகவே ஒரு கதையில் வரும் எதிர்ப்பொருள் குண்டின் வலிமையை எவராவது உங்களிடம் கேட்டால், அதன் உறை எதனால் ஆனது என்று முதலில் திருப்பிக் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்த்திருப்பீர்கள். துளி பட்டவுடன் ஆவியாகிவிடுவதில்லை. அடியில் உண்டாகும் நீராவிப் படலம் அதைத் தாங்கிக்கொள்ள, அது உருண்டு உருண்டு கல்லின் மேல் ஓடுகிறது. மிதமாகக் காய்ந்த கல்லில் உடனே சுண்டிவிடும் துளி, அதிகமாகக் காய்ந்த கல்லில் நெடுநேரம் நிற்கிறது. பொருளும் எதிர்ப்பொருளும் தொடும் இடத்தில் இதைப் போன்ற ஒரு படலம் உண்டாகி, இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று தள்ளி வைக்கக்கூடும் என்று ஸ்வீடன் நாட்டு இயற்பியலாளர் ஹான்னஸ் ஆல்வேன் 1960-களில் அண்டவியல் தொடர்பாக எழுதினார். ஆயுதத்துக்கும் அந்தத் தடை பொருந்தும். முதலில் தொட்ட மேற்பரப்பு அழிந்ததும், அதன் அழுத்தம் எஞ்சியதை விலக்கி எறியும். எறியப்பட்ட துணுக்குகள் வேறு எங்கோ காற்றைத் தொட்டு அழியும். மொத்த ஆற்றல் குறையாது. ஆனால் ஒரே கணத்தில் வெளிப்படாமல் சிதறி வெளிப்படும் ஆற்றலை ஒரே வெடிப்பாகக் கொண்டு கிலோடனில் சொல்வது, மழை முழுவதையும் ஒரே குடம் நீராகத் தலையில் கவிழ்த்ததாகச் சொல்வதைப் போன்றது.

கேள்வி: ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் ஃபோட்டான் டார்பிடோ 64 மெகாடன் வலிமை உடையது என்று நண்பர் சொல்கிறார். ஆனால் திரையில் அது வெடிக்கும்போது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லையே?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: உங்கள் நண்பரின் எண்ணுக்கு ஆதாரம் இருக்கிறது. ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடருக்காக 1991-இல் வெளியான தொழில்நுட்பக் கையேடு, ஒரு டார்பிடோவில் அதிக அளவாக 1.5 கிலோ எதிர்ப்பொருள் ஏற்றப்படுவதாகக் கூறுகிறது. அதற்கு இணையாக 1.5 கிலோ பொருளைச் சேர்த்தால் மூன்று கிலோ, ஆற்றல் 2.7 × 10¹⁷ ஜூல். அதாவது 64 மெகாடன். மனிதர் இதுவரை வெடித்தவற்றிலேயே பெரியது சோவியத் ஒன்றியம் 1961 அக்டோபர் 30 அன்று வெடித்த 50 மெகாடன் குண்டு. அதைவிட இது பெரியது. ஆனால் இது உச்ச வரம்பு என்பதை மறக்கக் கூடாது: முழுச் சுமை, முழுக் கலப்பு, இழப்பே இல்லை என்ற மூன்று அனுமானங்கள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன.

விண்வெளியில் காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் அதிர்ச்சி அலையும் இல்லை. வெளிப்படும் கதிர்வீச்சு கோளமாக விரிந்து, தொலைவின் இருமடிக்கு ஏற்ப மெலிகிறது. 64 மெகாடனும் கதிர்வீச்சாகவே வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் 2,100 கோடி ஜூல் விழும். அது இரும்பையும் உரித்து ஆவியாக்கப் போதுமானது. 100 கிலோமீட்டர் தள்ளி நின்றால் சதுர மீட்டருக்கு 21 லட்சம் ஜூல்தான். நடுப்பகல் வெயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஒரு தகடு கிடந்தால் பெறும் ஆற்றல் அவ்வளவுதான். கப்பலின் உலோகத்துக்கு அது பெரிய சேதம் செய்யாது. ஆனால் அது வெயிலாக வராமல் ஊடுருவும் காமாக் கதிராகக் கண நேரத்தில் வருவதால், கவசம் இல்லாத மாலுமிகளுக்கு உயிர்கொல்லி அளவைப் போல் நூறு மடங்கு வரை கதிர்வீச்சு கிடைக்கக்கூடும். கப்பல் பளபளப்பாக மிதக்கும். உள்ளே எவரும் பிழைத்திருக்க மாட்டார்கள். எந்தத் திரைக்கதையும் காட்ட விரும்பாத காட்சி அது.

திரையில் காண்பதிலிருந்து ஆற்றலைக் கணக்கிட விரும்பினால் இன்னொரு வழி உண்டு. இலக்குக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 100 மீட்டர் விட்டமுள்ள ஓர் இரும்புச் சிறுகோள் முற்றிலும் ஆவியாகிவிட்டது என்று கதை சொன்னால், அதன் நிறை ஏறத்தாழ 41 லட்சம் டன். ஒரு கிலோ இரும்பைச் சூடாக்கி, உருக்கி, ஆவியாக்க ஏறத்தாழ 80 லட்சம் ஜூல் வேண்டும். மொத்தம் 8 மெகாடன் அளவு. இதை அந்த ஆயுதத்தின் குறைந்தபட்ச வலிமை என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் சிறுகோள் ஆவியானதா, உடைந்து சிதறியதா என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். உடைப்பதற்கு ஆவியாக்குவதில் மிகச் சிறு பங்கு போதும். திரையில் இரண்டும் ஒரே வெளிச்சமாகத்தான் தெரியும். ரசிகர்களின் கணக்குகள் ஆயிரம் மடங்கு வேறுபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு குழப்பம்தான்.

‘வாயேஜர்’ தொடரில் வரும் ‘ஐசோடன்’ என்ற அலகை மெகாடனாக மாற்றித் தரும்படியும் நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதற்குத் தொடரில் வரையறை தரப்படவில்லை. வரையறை இல்லாத அலகை மாற்ற முடியாது.

கேள்வி: பூமியையே சிதறடிக்க எவ்வளவு எதிர்ப்பொருள் வேண்டும்?
— ஒன்பதாம் வகுப்பு மாணவன், அருப்புக்கோட்டை

பதில்: தம்பி, பூமியின் துண்டுகள் ஒன்றையொன்று மீண்டும் ஈர்த்துச் சேராதபடி பிரித்தெறிய ஏறத்தாழ 2.2 × 10³² ஜூல் வேண்டும். ஒரு கிலோ எதிர்ப்பொருள் அழிந்தால் 1.8 × 10¹⁷ ஜூல் வரும்; அதனால் வகுத்துப் பார். ஏறத்தாழ 1.2 லட்சம் கோடி டன் எதிர்ப்பொருள் வரும். பாறையின் அடர்த்தியில் உருட்டி வைத்தால் ஒன்பது கிலோமீட்டர் விட்டமுள்ள உருண்டை. மேலே சொன்ன இழப்புகள் எதையும் கழிக்காமல் கிடைக்கும் விடை இது. கழித்தால் உருண்டை இன்னும் பெரிதாகும். எவ்வளவு பெரிதாகும் என்பதை நீயே கணக்கிட்டு எனக்கு எழுது.

கேள்வி: உண்மையில் உலகில் எவ்வளவு எதிர்ப்பொருள் தயாரித்திருக்கிறார்கள்? கால் கிராமை ஒரு குடுவையில் வைக்க முடியுமா?
— இல்லத்தரசி, மயிலாடுதுறை

பதில்: அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் 2011-இல் மூடப்பட்ட டெவட்ரான் முடுக்கிக்காகப் பல ஆண்டுகளாக உண்டாக்கிய எதிர்ப்புரோட்டான்களை எல்லாம் சேர்த்தால் 15 நானோகிராம் அளவு வரும் என்பது பரவலாகக் கூறப்படும் மதிப்பீடு. நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த 15 நானோகிராமும் ஒரே நேரத்தில் அழிந்திருந்தால் வந்திருக்கும் ஆற்றல் 27 லட்சம் ஜூல். முக்கால் யூனிட் மின்சாரம். உங்கள் வீட்டு அடுப்பில் 60 கிராம் எரிவாயு எரிந்தால் அவ்வளவு வெப்பம் கிடைத்துவிடும். எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். அதற்கு மேல் சோறு வடிக்க மிஞ்சாது.

ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் எதிர்ப்புரோட்டான்களின் வேகத்தைத் தணிக்கும் இயந்திரம் ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று கோடி எதிர்ப்புரோட்டான்களை வழங்குகிறது. வேகமூட்டப்பட்ட புரோட்டான்களை உலோகத்தில் மோதவிடும்போது, ஏறத்தாழ பத்து லட்சம் மோதல்களுக்கு ஒருமுறைதான் புரோட்டான்–எதிர்ப்புரோட்டான் இணை பிறக்கிறது. மூன்று கோடி என்பது பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் ஒரு கிராமில் 6 × 10²³ எதிர்ப்புரோட்டான்கள் இருக்கின்றன. அந்த இயந்திரம் ஒரு நொடியும் ஓயாமல் ஓடினால், நாவலின் கால் கிராமைச் சேர்க்க ஏறத்தாழ 1,900 கோடி ஆண்டுகள் ஆகும். அண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள்.

குடுவையைப் பற்றி நீங்கள் கேட்டது இன்னும் நுட்பமானது. எதிர்ப்புரோட்டான்கள் அனைத்தும் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்கும். கால் கிராம் எதிர்ப்புரோட்டான்களின் மின்னூட்டம் 24,000 கூலும். அதை ஐந்து சென்டிமீட்டர் ஆரமுள்ள உருண்டையாக அடைத்தால், விலக்கு விசைக்கு எதிராக நாம் அதில் சேர்த்துவைக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 6 × 10¹⁹ ஜூல். அந்தக் கால் கிராம் அழிந்து வரும் ஆற்றலைப் போல் அது பத்து லட்சம் மடங்குக்கும் அதிகம்! முதன்முறை இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ சுழியங்களைப் பிழையாக எழுதிவிட்டேன் என்று நினைத்து மூன்று முறை திரும்பப் போட்டேன். விடை மாறவில்லை. அந்தக் குடுவை எதிர்ப்பொருள் குண்டாக இருப்பதற்கு வெகு முன்பே மின் குண்டாக இருந்திருக்கும்.

ஆகவே மின்னூட்டம் சமன்பட்ட எதிர் ஹைட்ரஜனாகத்தான் வைக்க வேண்டும். உறைந்த நிலையில் கால் கிராம் என்றால் மூன்று கன சென்டிமீட்டர். ஒரு தேக்கரண்டியில் பாதிக்குச் சற்று மேல். ஆனால் மின்னூட்டம் போனால் பிடியும் போகிறது. செர்னின் ஆல்ஃபா குழுவினர் 2010-இல் காந்தப் பொறியில் 38 எதிர் ஹைட்ரஜன் அணுக்களைப் பிடித்துக் காட்டினர். அடுத்த ஆண்டு ஆயிரம் நொடிகள் வரை அத்தகைய அணுக்களை வைத்திருந்தனர். அந்தப் பொறியில் தங்க வேண்டுமானால் அணுவின் வெப்பநிலை தனிச்சுழிக்கு (–273.15 டிகிரி செல்சியஸ்) மேல் அரை டிகிரிக்கும் கீழே இருக்க வேண்டும். தனி எதிர்ப்புரோட்டான்களைச் செர்னின் பேஸ் குழுவினர் 405 நாள் பாதுகாத்திருக்கிறார்கள். எண்ணிக்கை மிகச் சிறியது என்பதால் அது இயன்றது. அவ்வளவு குளிரில், அவ்வளவு வெற்றிடத்தில், விரல்விட்டு எண்ணத்தக்க துகள்களைக் கைக்குழந்தையைப் போல் காத்துக்கொண்டு அவர்கள் தேடுவது, அண்டத்தில் பொருள் மட்டும் ஏன் மிஞ்சியது என்ற கேள்விக்கு விடையை. அந்த உழைப்பின் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

கேள்வி: என் அம்மாவுக்கு அடுத்த வாரம் பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதில் பாசிட்ரான் என்ற எதிர்ப்பொருளை உடலுக்குள் செலுத்துவதாகக் கட்டுரையில் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. கதைகளில் வருவது போல் ஏதாவது ஆகுமா?
— மகள், ஈரோடு

பதில்: ஆகாது, அம்மா. உங்கள் பயம் இயல்பானது. ஆகவே எண்களோடு சொல்கிறேன். உடலுக்குள் செலுத்தப்படுவது பாசிட்ரான் அல்ல. பாசிட்ரானை வெளியிடும் ஃபுளூரின்-18 என்ற அணுவைத் தாங்கிய, சர்க்கரையை ஒத்த ஒரு மருந்து. வழக்கமாகக் கொடுக்கப்படும் 10 மில்லிகியூரி அளவில், அந்த அணுக்கள் முற்றிலும் சிதையும்வரை பிறக்கும் பாசிட்ரான்கள் ஏறத்தாழ மூன்றரை லட்சம் கோடி. அவற்றின் மொத்த நிறை, ஒரு கிராமை ஒரு லட்சம் கோடியாகப் பங்கிட்டு, அதில் ஒரு பங்கை மீண்டும் முந்நூறாகப் பங்கிட்டால் வரும் அளவு. அவை அனைத்தும் எலக்ட்ரான்களோடு சேர்ந்து அழிவதால் வரும் ஆற்றல் அரை ஜூலுக்குச் சற்று அதிகம். ஓர் எலுமிச்சம்பழத்தைத் தரையிலிருந்து எடுத்து மேசைமேல் வைக்க உங்கள் கை செலவிடும் ஆற்றல் அவ்வளவுதான். அதுவும் பல மணி நேரத்தில் சிறிது சிறிதாக வெளிப்படுகிறது. அந்த ஆற்றலில் பெரும்பகுதி உடலைவிட்டு வெளியே வந்துவிடுகிறது; அதில் ஒரு சிறு பங்கு கருவியின் உணரிகளில் பதிவதால்தான் மருத்துவருக்குப் படம் கிடைக்கிறது.

கதிர்வீச்சு அளவு என்று ஒன்று உண்டு; அது சுழியம் என்று நான் சொல்ல மாட்டேன். அதனால் வரக்கூடிய சிறிய பாதிப்பையும், நோயை இடமறிந்து கண்டுபிடிப்பதால் வரும் நன்மையையும் எடைபோட்டுத்தான் மருத்துவர் பரிந்துரைத்திருப்பார். ஐயம் இருந்தால் அவரிடமே கேளுங்கள். ஃபுளூரின்-18 அணுக்களில் பாதி 110 நிமிடத்தில் சிதைந்துவிடும். பதினொரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 64-இல் ஒரு பங்குதான் எஞ்சியிருக்கும். ஸ்கேன் முடிந்ததும் அம்மாவுக்கு நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். வீட்டில் கைக்குழந்தையோ கருவுற்றவரோ இருந்தால், எத்தனை மணி நேரம் தள்ளியிருக்க வேண்டும் என்று ஸ்கேன் மையத்தில் கேட்டு, அதன்படி அன்று மாலை மட்டும் அம்மா சற்றுத் தள்ளி அமர்ந்திருக்கட்டும்.